நாலாவது துணி

அக்காவை அழைத்துவர ஸ்டேஷனுக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன்னால், நான் தைத்த சட்டையில் தோள் கோணல் என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். "இனிமே என் வாசலை மிதிக்காதே!" என்று கத்தினேன். மன்னிப்பு கேட்க எனக்கு வாய் வராது. வண்டியோடு போய் நிற்பதுதான் என் மன்னிப்பு.

வண்டியோ ஷெட்டில் நின்ற இடத்திலேயே குலுங்கியது. இன்ஜினில் எங்கோ காற்று ஸ்ஸ் என்று கசிந்தது. காற்றுக் குழாயான இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போயிருக்கும், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார் மெக்கானிக். அக்கா வருவது இன்று சாயங்காலம். போய்யா, நீயும் உன் திங்கட்கிழமையும்! புதுக் கேஸ்கெட்டை மட்டும் வாங்கிவந்தேன்.

பிரித்துத் தைப்பது தையல்காரிக்குப் புதிதா? பேட்டரி ஒயரைக் கழற்றினேன். குழாய்களில் தையல் சாக்பீஸால் அடையாளம் போட்டேன். அட்டையில் மேனிஃபோல்டை வரைந்து, கழற்றிய போல்ட்டுகளை அதனதன் இடத்தில் குத்திவைத்தேன். மேனிஃபோல்டைத் தூக்கியதும் நாலு ஓட்டைகள் வாயைப் பிளந்தன. இன்ஜின் காற்றை இழுக்கும் வழி. உள்ளே ஒரு நட்டு விழுந்தாலும் வண்டி காலி. வெட்டுத்துணி மூட்டையில் கைவிட்டு, வந்ததைக் கிழித்து நாலிலும் அடைத்தேன். நீலத்தில் வெள்ளைப் பூ. சண்டை போட்ட அன்று அக்கா எனக்காகக் கொண்டுவந்த துணி; கோபத்தில் தைக்காமலே மூட்டையில் திணித்திருந்தேன். போன வாரம் போனில் கேட்டபோது, "தைச்சுட்டேன்க்கா, நல்லா இருக்கு" என்று புளுகியிருந்தேன்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி, துணிகளை உருவி, புதியதை வைத்துப் பூட்டியபோது மத்தியானம் தாண்டிவிட்டது. பின் சீட்டில் ஐந்து நிமிஷம் சாய்ந்தேன்.

வெயில் கண்ணாடி வழியாக வந்து மடியில் படுத்தது. கார் மெல்ல மூச்சு விட்டது. அதோடு நானும் ஏறி இறங்கினேன். ஷெட்டுச் சுவரெல்லாம் நீலமாகி, வெள்ளைப் பூக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று மிதந்தன. ஒன்றைப் பிடிக்கக் கை நீட்டினேன். இன்ஜினுக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது: "மூச்சு முட்டுதுடி."

திடுக்கிட்டு எழுந்து, பெஞ்சில் கிடந்த துணிகளை எண்ணினேன். மூன்றுதான் இருந்தன.

அடிப்பாவி! மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்றி, நாலாவதை உருவிக்கொண்டு நிமிர்ந்தால், கேட்டுக்கு வெளியே பெட்டியோடு அக்கா. ரயில் எப்போதோ வந்து போயிருந்தது.

"உள்ள வாக்கா."

"மிதிக்காதேன்னு சொன்னவ நீ. கூட்டிட்டுப் போறேன்னு சொன்னவளும் நீ. வந்து கூட்டிட்டுப் போ." பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். "கையில என்னடி, நான் குடுத்த துணியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "தைக்கலக்கா. பொய் சொன்னேன்."

"தெரியும். நீ எதையாவது நல்லா இருக்குன்னு சொன்னா அன்னிக்கே சந்தேகப்படணும்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு போல்ட்டுகளை முடுக்கினேன். கேட்டுக்கு வெளியிலிருந்து அதிகாரம் குறையவில்லை.

"எத்தனை துணி வெச்சே?"

"நாலு!"

"எண்ணிட்டியா?"

"எண்ணிட்டேன்க்கா!"

பேட்டரி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். ஒரு குலுக்கல் இல்லை. கேட்டை அகலத் திறந்து, தெருவுக்குப் பத்தடி ஓட்டி, அவள் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டேன். அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள்.

"வீட்டுக்குப் போ," என்றாள்.

ரிவர்ஸ் கியரைப் போட்டேன்.