வெயில் சாய்வதற்குள்

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதம். ரப்பர் மரங்கள் இலை கொட்டி நின்றன. யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் பஸ்ஸை விட்டிறங்கி, தோட்டத்து மண்பாதையில் ஏறிக்கொண்டிருந்த நிலாமுக்கு மலை முழுவதும் ஒதுங்கிநிற்க ஒரு நிழல் கிடைக்கவில்லை. குச்சிகுச்சியாக நின்ற மரங்களுக்கு ஊடாக வெயில் நேரே மண்ணில் இறங்கியது. சவூதியில் வாங்கிய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையில் ஒரு சேலையும் பிஸ்கட் டின்னும் இருந்தன. வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. கன்னையா போய்விட்டான் என்று அவன் மனைவியிடம் சொல்ல வேண்டும். மவ்த்தாகிவிட்டான் என்பதா, செத்துப்போனான் என்பதா, இறைவனிடம் போய்விட்டான் என்பதா என்று மாவனல்லையில் பஸ் ஏறியதிலிருந்து யோசித்துக்கொண்டு வந்தான். எந்தச் சொல்லை எடுத்தாலும் அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி வரும் என்று தெரிந்திருந்தது.

ஊர் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. வந்த மறுநாளே வந்திருக்க வேண்டியவன். காய்ச்சல் என்றான், விருந்தாளிகள் என்றான். மனைவி ஸுபைதா ஒன்றும் கேட்காத நாட்களில்கூடத் தானாகவே ஒரு காரணம் சொன்னான்.

நிலாமும் கன்னையாவும் ஒரே லொறியில் ஆறு வருடம் ஓடியவர்கள். தோட்டங்களிலிருந்து ரப்பர் ஷீட் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் லொறி. நிலாம் டிரைவர், கன்னையா கிளீனர். ஒரே பார்சலைப் பிரித்துத் தின்றவர்கள். ஸுபைதாவின் தம்பி புவாட்டுக்கும் கன்னையாவுக்கும் ஒரே முகவெட்டு. அதே நீண்ட முகம், அதே உள்ளடங்கிய கண்கள். கடைவீதியில் புவாட்டைப் பார்த்து, "டேய் கன்னையா" என்று முதுகில் தட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு.

நிலாமுக்கும் புவாட்டுக்கும் சவூதியில் வீதி போடும் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. பாஸ்போர்ட், விசா எல்லாம் வந்த பிறகு புவாட்டுக்குப் பயம் பிடித்துவிட்டது. உம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று கட்டிலில் படுத்துக்கொண்டான். அப்போது, நிலாமை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் கன்னையாதான், அவனுக்குப் பதில் தான் போகட்டுமா என்று வந்து கேட்டான். அவனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லை, இந்தியாவுக்குப் போட்ட மனுவுக்குப் பதிலும் இல்லை. பாஸ்போர்ட் என்பதை அவன் வம்சத்தில் எவனும் தொட்டதில்லை.

"பேரு என்னவா இருந்தா என்ன நானா. கையும் காலும் என்னுதுதானே. அங்க போயி ஒழைக்கப் போறது அதுதானே" என்றான்.

அப்படித்தான் கன்னையா, புவாட்டாக விமானம் ஏறினான். படத்தை மாற்றவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. லொறியின் முன்சீட்டில் வைத்து நிலாம் அவனுக்குக் கலிமா சொல்லிக்கொடுத்தான். தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளூ எடுக்கும் முறையை ஓர் ஓடையில் வைத்துக் காட்டிக்கொடுத்தான். கன்னையா சிரிக்காமல், தவறில்லாமல் எல்லாவற்றையும் பழகிக்கொண்டான்.

பாலைவனத்தில் இருவருக்கும் ஒரே வண்டி. வீதி வேலை நடக்கிற இடங்களுக்கு டீசல் கொண்டுபோகும் பவுசர். அதில் கொஞ்சம் டீசலை வழியில் இறக்கி விற்கலாம் என்று கண்டுபிடித்தவன் நிலாம். வீதியை விட்டு விலகி வெகுதூரம் உள்ளே போனால் இடிந்த கல்வீடு ஒன்று இருந்தது. அங்கே ஒருவன் பீப்பாய்களோடு காத்திருப்பான். "வேணாம் நானா, நான் வேற ஆளு பேருல வந்திருக்கேன், மாட்டினா ரெண்டு பேரா மாட்டுவேன்" என்று கன்னையா முதல் தடவையே சொன்னான். நிலாம் சிரித்தான். பிறகு கன்னையாவும் ஒன்றும் சொல்லவில்லை. நிலாம் ஓட்டுகிற வண்டியில் ஏறி உட்காருவது அவனுக்குப் பழக்கமாகிப் போயிருந்தது.

போன வருடம், வெயில் மிகக் கடுமையாக இருந்த ஒரு நாளில், டீசலை விற்றுவிட்டுத் திரும்பும்போது டயர் வெடித்தது. மணலில் பலகை வைத்து, அதன் மேல் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். கன்னையா உள்ளே படுத்து ஜாக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். பலகை சறுக்கியது. பவுசரின் அச்சு அவன் தொடைமேல் இறங்கியது. நிலாம் கையால் மணலைத் தோண்டினான், தோளைக் கொடுத்துத் தூக்கினான், கத்தினான். ஒன்றும் அசையவில்லை. கன்னையா முதலில் அலறினான். பிறகு அமைதியாகி, "நீங்க போயி ஆளக் கூட்டிக்கிட்டு வாங்க நானா. வெயிலு சாயிறதுக்குள்ள வந்துருவீங்கல்ல?" என்று கேட்டான்.

இருந்தது ஒரு தண்ணீர் கேன். நடக்கிறவனுக்குத்தான் தண்ணீர் வேண்டும் என்று கன்னையாவே சொன்னான். நிலாம் அவனுக்கு ஒரு மூடி தண்ணீர் குடிக்கக் கொடுத்துவிட்டுக் கேனை எடுத்துக்கொண்டு நடந்தான்.

வீதிக்கு வந்தபோது கேனில் ஒன்றுமில்லை. கம்பனியின் ஜீப் ஒன்று வந்து நின்றது. உள்ளே இருந்த மேலதிகாரி, வண்டி எங்கே என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் ஒரே திசையில் இருந்தது. கையை நீட்டிக் காட்டினால் போதும். காட்டினால் கல்வீடு தெரியும், டீசல் தெரியும், சிறை தெரியும். சிறையைவிட மோசமாகவும் முகாமில் கதைகள் கேட்டிருந்தான். நிலாமின் வாய் அவனைக் கேட்காமலே பேசியது. புவாட் தன்னை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான், எந்தப் பக்கம் போனான் என்று தெரியாது என்றது. சாயங்காலம் யாரிடமாவது ஒரு வண்டி கேட்டுத் தானே போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டான். சாயங்காலம் யாரும் வண்டி தரவில்லை. கால் நடந்தும் போகவில்லை.

மறுநாள் அவர்கள் வேறு பக்கம் தேடினார்கள். அதற்கடுத்த நாள்தான் உடலைக் கண்டுபிடித்தார்கள். வண்டி திருடிய புவாட்டுக்கு முகாமில் ஜனாஸாத் தொழுகை நடந்தது. நிலாம் முதல் வரிசையில் நின்றான். 'சொந்த மச்சானாம்' என்று மற்றவர்கள் அவனைக் கட்டிப்பிடித்தார்கள்.

மாவனல்லைக்கு மரணச் செய்தி போனபோது புவாட் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அன்றிரவே அவனை நிவித்திகலவிலுள்ள மாமாவின் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். கள்ளப் பாஸ்போர்ட் விஷயம் வெளியே வந்தால் வீடே உள்ளே போகவேண்டும். அன்றிலிருந்து அவன் மூட்டைகளுக்குப் பின்னால் வாழ்ந்துகொண்டிருந்தான். கன்னையாவின் மனைவி வெள்ளையம்மாவுக்கு மட்டும் செய்தி போகவில்லை. கன்னையா என்று எவனும் அந்தப் பாலைவனத்தில் சாகவில்லையே. கன்னையா வேறு கம்பனிக்கு மாறி வெகுதூரம் போய்விட்டான் என்று நிலாம் ஆள் மூலம் சொல்லியனுப்பியிருந்தான்.

தோட்டத்தில் அது ரப்பர் பால் எடுக்கும் நேரம். வெள்ளையம்மா மரத்துக்கு மரம் போய், சிரட்டையில் வடிந்திருந்த பாலை வாளியில் வழித்து ஊற்றிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். அவள் பார்வை முதலில் அவனுக்குப் பின்னால் பாதையில் போயிற்று. பிறகுதான் அவனிடம் வந்தது.

"வாங்க நானா. அவுக வரலிங்களா?"

"இல்ல தங்கச்சி."

"நானே மாவனல்லைக்கு வரலாம்னு இருந்தேங்க. அவுகளுக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்திருச்சு. அவுக பேருலயே!" அவள் முகம் மலர்ந்திருந்தது. "குடும்பத்துக்கே சேத்து வந்திருக்கு. கண்டியில போயி ஆளா நின்னு கையெழுத்துப் போட்டு வாங்கணும்ங்க. இந்த மாசம் தாண்டினா எல்லாம் ரத்தாயிருமாம். இங்கயும் எம்பேர வேலையாளு செக்ரோல்ல வெட்டப் போறாங்க. நாங்க குடியிருக்கிற லயத்துக் காம்பராவ வேற குடும்பத்துக்கு எழுதிட்டாங்க. பிள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்க போறது? எப்படியாச்சும் அவுகள வரச் சொல்லுங்க நானா. தந்தி அடிச்சா வருவாகள்ல?"

நிலாம் வாயைத் திறந்தான். வழியெல்லாம் கொண்டுவந்த வாக்கியம் வரவில்லை. ஜீப்பின் அருகே நின்றபோது பேசிய அந்த வாய்தான் மறுபடியும் பேசியது.

"தங்கச்சி, எங்கட மச்சான் ஒத்தன் ஈக்கி, புவாட் எண்டு. கன்னையாட மொகந்தான் அவனுக்கும். நீங்க பயப்பட வாணாம். அவன் கண்டிக்கு வந்து கையெழுத்துப் போடுவான். கப்பல்லயும் கூட வருவான். அக்கரைல உங்கள விட்டுட்டு எப்படியாலும் திரும்பி வந்துருவான்."

வெள்ளையம்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். மலர்ந்திருந்த முகம் அப்படியே இருந்தது. அதற்குள்ளே எதுவோ மெல்ல மெல்ல அணைந்தது. காய்ந்த இலைகள்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். மேலே எங்கோ காய்ந்த கிளை ஒன்று படீரென்று முறிந்து விழுந்தது.

"வேற ஆள நிறுத்தணும்னா," என்றாள், "அவுக இனி வரமாட்டாகன்னுதானே அர்த்தம்."

நிலாம் தலையைக் குனிந்துகொண்டான்.

எப்படி, எப்போது என்று அவள் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளுக்கு அவன் பொய்கள் தயாராக வைத்திருந்தான். அவள் கேட்டது வேறு.

"தனியாவா இருந்தாக?"

"இல்ல," என்றான் நிலாம். "நான் பக்கத்துலதான் ஈந்த."

அவள் தலையசைத்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினாள். பிறகு, "நீங்களாச்சும் இருந்தீங்களே நானா. அது போதும்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாளியைத் தூக்கிக்கொண்டாள். பால் கட்டியாவதற்குள் ஸ்டோரில் நிறுக்க வேண்டும். லயத்தில் யாரும் பார்த்துவிடாதபடி ஸ்டோருக்குப் போகும் வழியிலேயே அழுது முடித்துவிட வேண்டும் என்று அவள் நினைத்திருப்பாள் போல. விறுவிறுவென்று நடந்தாள். சேலையும் பிஸ்கட் டின்னும் மரத்தடியிலேயே கிடந்தன.

நிவித்திகலவில் புவாட்டைச் சம்மதிக்க வைப்பது கஷ்டமாக இருக்கும் என்று நிலாம் நினைத்திருந்தான். கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கு நடுவே புவாட் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். வெளிச்சம் படாமல் அவன் நிறம் வெளுத்துப் போயிருந்தது.

"எண்ட பேரக் குடுத்தேன். அவன் அதோட போய்ட்டான். இப்ப அவண்ட பேர எடுத்துக்கச் சொல்ற" என்றான்.

"ஒரு கையெழுத்துத்தான் மச்சான். அக்கரைக்குப் போய்ட்டு..."

"திரும்பி வாரதுக்கு வழி ஈக்கா?"

நிலாம் ஒரு மூட்டையின் தையலை நகத்தால் நெருடினான்.

"சரி, வாரேன்" என்றான் புவாட். "அந்த மண்ணுல படுத்தீக்க வேண்டியவன் நான். நான் பயந்து கட்டில்ல கெடந்ததுக்கு அவன் போய்ச் செத்தீக்கான். வண்டிக் களவுங்கற பழியும் அவன் தலைல. அவண்ட பொண்டாட்டி பிள்ளைய அக்கரைல சேக்கேலும் எண்டா, அதயாலும் செய்றேன்."

களவெடுத்தது யார் என்று அப்போது சொல்லியிருக்கலாம். மூட்டைகளுக்கு அப்பால் மாமா யாருக்கோ சிங்களத்தில் பருப்பு விலை சொல்லிக்கொண்டிருந்தார். நிலாம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

கண்டிக்குப் போகும் பஸ்ஸில் நிலாம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். தகப்பன் பெயர் பழனியாண்டி. தாய் சுப்பம்மா. மகள் இந்திராணி, வயது நான்கு. புவாட் கண்ணை மூடிக்கொண்டு உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தான். லொறியின் முன்சீட்டில் உட்கார்ந்து கலிமா படித்தவனின் உதடுகளும் அப்படித்தான் அசைந்தன. நிலாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளையம்மா இரண்டு தகரப் பெட்டிகளோடும் பிள்ளையோடும் இந்தியத் தூதரக அலுவலக வாசலில் நின்றிருந்தாள். கணவன் நேரே கண்டிக்கு வந்துவிடுவான், அங்கிருந்தே புறப்படுகிறோம் என்று தோட்டத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தாள். புவாட்டைப் பார்த்ததும் அவள் கை தன்னையறியாமல் சுவரைத் தொட்டது. கொஞ்சம் கழித்து அவனுடைய முழுக்கைச் சட்டையைச் சரிசெய்யச் சொன்னாள். நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். அவன் நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றான். பிள்ளையிடம், "ஆபீசுக்குள்ள மட்டும் அப்பான்னு கூப்புடு. வெளிய மாமா" என்றாள்.

உள்ளே எழுத்தர் தலைநிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பெயர் கேட்டார். "கன்னையா" என்று புவாட் சொன்னான். ஒரு கோணல் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். கைக்குழந்தையாக இருந்தபோது பார்த்த முகத்தைப் பிள்ளை எப்படி நினைவில் வைத்திருக்க முடியும்? வெளியே வந்த பிறகும் புவாட்டின் விரலைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, பெட்டிய யாரு தூக்குவா?" என்று கேட்டது. வெள்ளையம்மா திருத்தவில்லை.

ஸ்டேஷன் முழுவதும் அழுகை. தலைமன்னாருக்குப் போகும் ரயிலில் தோட்டம் தோட்டமாக ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களும் வெளியே நிற்பவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் தடவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் அழாமல் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். பிள்ளை புவாட்டின் மடியில் ஏறிக்கொண்டது. அவன் அதை எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு கைகளையும் அந்தரத்தில் வைத்திருந்தான்.

"வெள்ளையம்மா" என்று நிலாம் ஜன்னலருகே போய்க் கூப்பிட்டான். தங்கச்சி என்று வரவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள்.

"நான் அண்டைக்கு..." என்றான்.

"போயிட்டு வாங்க நானா" என்றாள் வெள்ளையம்மா. "நீங்க பாவம், எவ்வளவுதான் செய்வீங்க. வீட்ல அக்காகிட்ட சொல்லுங்க." கும்பிட்டாள். ரயில் அசைந்தது.

பிளாட்பாரத்தில் நின்றவர்கள் எல்லோரும் ஓடினார்கள். நிலாமின் பக்கத்தில் நின்ற, அவன் முன்பின் பார்த்திராத ஒரு பெண், ஓட முடியாமல் கால் மடங்கி, விழாதிருக்க அவன் கையைப் பற்றிக்கொண்டாள். "போயிட்டாகளே... எல்லாம் போயிட்டாகளே..." என்று அவன் புறங்கையில் முகத்தை வைத்து அழுதாள். அவன் யார் என்று அவள் பார்க்கவேயில்லை. கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்த பிறகும் அவள் பிடியை விடவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தண்டவாளங்கள் வெயிலில் வெள்ளையாக நீண்டு கிடந்தன. அவன் புறங்கை நனைந்துகொண்டே இருந்தது.