ஒரு விரல் வாய்

மாசி மாதத்தில் காளியாயியின் வாய்க்குள் மூன்று விரல் போனது. சித்திரையில் இரண்டு. ஆடி பிறந்தபோது ஒன்றுதான், அதுவும் சுண்டுவிரல். அளந்து பார்த்தவன் அவள் புருசன் ஆண்டியப்பன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவன் அவன். எதையும் விரலால் அளப்பது பழகிப்போயிருந்தது.

கன்னத்துக்குள் கார்த்திகையில் வெள்ளையாக ஒரு தடிப்பு வந்தது. பிறகு அது புண்ணானது. ரொட்டி கடிக்க முடியாமல் போய், சோறு மெல்ல முடியாமல் போய், இப்போது கஞ்சித் தண்ணீரைப் பல்லிடுக்கால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கொழுந்துக்கூடையின் கயிறு தலையில் இழுக்கும்போது தாடை முழுவதும் தெறித்தது. அப்போதும் அன்றைய கூலிக்குப் பெயர் விழவேண்டுமே என்று மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

வட்டவளைப் பக்கத்து மழைக்குப் புகையிலை இல்லாமல் மலையேறும் பெண் கிடையாது. விடிகாலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஓர் உருண்டையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பத்து மணி வரை பசியும் தெரியாது, குளிரும் தெரியாது. காலில் அட்டை ஏறினால் அந்தச் சாற்றைத் துப்பினால் போதும். சுருண்டு விழுந்து சாகும். காளியாயிக்கு அந்த உருண்டையைக் கட்டிக் கொடுப்பவன் ஆண்டியப்பன்தான். பதினெட்டு வருசம். அவள் தேத்தண்ணி ஊற்றுவாள். அவன் லயத்து வரிசைவீட்டின் இஸ்தோப்புத் திண்ணையில் குந்திப் புகையிலையைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, உள்ளங்கையில் கசக்கி உருட்டுவான். “காளிக்குப் புருசன் ஊட்டி விடுறான்டி” என்று மற்றப் பெண்கள் சிரிப்பார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

புண் வலித்தபோதும் அவன் அதையேதான் செய்தான். புகையிலை வலியை மரக்கச் செய்யும், சுண்ணாம்பு புண்ணைக் காயவைக்கும் என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வலி கூடக் கூட உருண்டையைப் பெரிதாக்கினான்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் மூன்று தடவை ஊதா மருந்தைத் தடவி அனுப்பினார். வாய்க்குள் பார்க்கவில்லை. “பல்லு வலிக்கெல்லாம் கொழும்புக்குத் துண்டு எழுத முடியாது, போ” என்றார். அந்தத் துண்டுச்சீட்டு இல்லாமல் போனால் பெரியாஸ்பத்திரி வாசலிலேயே திருப்பிவிடுவார்களாம். மாதத்துக்கு ஒரு தரம் அட்டனிலிருந்து காரில் வருகிற பெரிய டாக்டர் சொன்னால் மட்டும் டிஸ்பென்சரால் மறுக்க முடியாது. அன்று அவர் வருகிற நாள்.

“வாயத் தொறந்து காட்டணுமே புள்ள. இப்பிடி இருந்தா அவரு என்னத்தப் பாப்பாரு?”

காளியாயி பல்லைத் திறக்காமலே பேசினாள். “பெருசா ஒன்னு போடுங்க. மரத்துட்டா தொறக்கும்.”

அவனுக்கும் அது சரியென்றே பட்டது. என்றைக்கும் இல்லாத அளவுக்குப் பெரிய உருண்டையாக உருட்டினான்.

ஆஸ்பத்திரி வாசலில் இருபது பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கால்புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்த மூக்கன் இவர்களைக் கண்டதும் பல்லைக் காட்டினான்.

“என்னா ஆண்டி, பொண்டாட்டி வாய அடச்சுப்புட்டியாமே? அந்த வித்தைய எங்களுக்கும் சொல்லிக் குடேன்.”

“ஒம் பொண்டாட்டி ஒன்னய அடச்சு வச்சிருக்கிறது பத்தாதா?” என்றாள் காளியாயி. சிரிப்பு எழுந்தது. சிரிக்கப் போய் அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள்.

முறை வருமுன் ஆண்டியப்பன் விரலை வைத்துப் பார்த்தான். ஒன்றரை விரல் போனது. அவன் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

“துப்பிட்டுக் கொப்புளிச்சுக்கிறவா?” என்றாள் அவள்.

“வேணாம் வேணாம். தண்ணி பட்டா மரமரப்புப் போயிரும். அப்படியே வா.”

டாக்டர் வெள்ளைச் சட்டைக்காரர். சிங்களமும் இங்கிலீசும்தான் பேசினார். டார்ச்சை அடித்து வாயைத் திறக்கச் சொல்லிச் சைகை காட்டினார். காளியாயி உயிரைக் கொடுத்துத் திறந்தாள். கறுத்த சாறு மோவாயில் வழிந்து அவர் சட்டைக் கையில் விழுந்தது. டாக்டர் பின்னால் நகர்ந்து இங்கிலீசில் என்னவோ கத்தினார்.

“மாட்டுச் சாணிய அப்பிக்கிட்டு வந்து நிக்கிற, உள்ள என்ன தெரியும் அவருக்கு?” என்று டிஸ்பென்சர் சீறினார். “பொகையிலய விட்டுட்டு, கழுவிக்கிட்டு அடுத்த மாசம் வரச் சொல்றாரு.”

“ஐயா, மரத்துப் போகட்டும்னுதாங்க நான்... இப்பவே கழுவிக்கிட்டு வந்துர்றோங்க சாமி” என்றான் ஆண்டியப்பன்.

“அடுத்த ஆளு!”

வெளியே பீலியில் கொட்டிய தண்ணீரில் அவள் வாயைக் கழுவினாள். தண்ணீர் சிவந்து ஓடியது. அவன் மறுபடி விரலை வைத்தான். சுண்டுவிரல்கூட நகத்தோடு நின்றுவிட்டது. அடுத்த மாதம் வரும்போது இதுவும் இருக்காது என்று அவனுக்குத் தெரிந்தது. அப்புறம் கஞ்சி எந்த வழியாகப் போகும்?

சாமான் பெட்டியோடு டாக்டர் காரில் ஏறுவது தெரிந்தது. கார் மலையைச் சுற்றிக் கீழே இறங்கவேண்டும். ஆண்டியப்பன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் குறுக்கே பாய்ந்தான். சேற்றில் சறுக்கி, மழைநீர்க் கானில் விழுந்து, எழுந்து, வளைவில் போய் நடுரோட்டில் நின்றான். கார் முட்டுவது போல வந்து நின்றது.

டிரைவர் லாபிர் தலையை வெளியே நீட்டினான். அட்டன் டவுன்காரன். “என்னண்ணே, சாகவா நிக்கிறீங்க?”

“நான் இல்ல தம்பி. இவதான் சாகக் கெடக்கா.”

சொல்லிக்கொண்டே டாக்டர் இருந்த பின்சீட்டுக் கண்ணாடிக்கு ஓடினான். சிங்களக் கடைவீதியில் பொறுக்கிய நாலு சொல்தான் அவனிடம் இருந்தது. “மாத்தயா, கட பலன்ன. கட பலன்ன மாத்தயா.” ஐயா, வாயைப் பாருங்கள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

காளியாயி குனிந்தாள். கடைவாயில் தன் விரலையே கொக்கி போல மாட்டி இழுத்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தில் லாபிர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இத்தனை நாள் புகையிலை மறைத்து வைத்திருந்த நாற்றம் காருக்குள் போனது.

டாக்டர் மழையில் இறங்கினார். டார்ச்சை அடித்து வெகு நேரம் பார்த்தார். தாடைக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். அங்கே புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்ததை ஆண்டியப்பன் அப்போதுதான் கண்டான். டாக்டரின் குரலில் இப்போது கோபம் இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

டாக்டர் சொன்னதை லாபிர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னான். “கன்னத்த வெட்டி எடுக்கணுமாம். தாடையிலயும் கொஞ்சம்.”

“வெட்டட்டும் தம்பி. சூத்தை விழுந்த செடிய நல்ல மரம் தெரியுற வரைக்கும் வெட்டுவோம். வெட்டினா துளிர்க்கும். துளிர்க்குமான்னு கேளுங்க.”

லாபிர் கேட்டான். டாக்டர் கழுத்துக் கட்டியையே பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

“கழுத்துக்கு எறங்கிருச்சாம்ணே. உறுதி சொல்ல முடியாதாம். நாளைக்கே கொழும்புக்குப் போயிரச் சொல்றாரு. பொகையில இனி வாயில படவே கூடாதாம். அதுதான் இப்பிடி அரிச்சிருக்காம்.”

காரின் முன்மூடியில் வைத்து, லாபிர் குடை பிடிக்க, டாக்டர் துண்டு எழுதினார். ஆண்டியப்பன் இரண்டு கையாலும் வாங்கினான். வலது பெருவிரல் பழுப்பேறிக் கிடந்தது. அந்தக் கையைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை வட்டவளை ஸ்டேசனில் காளியாயி பெஞ்சில் ஒடுங்கிக் கிடந்தாள். ராத்திரி பூராவும் கண் மூடவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டதில் நெற்றி வீங்கியிருந்தது.

“கொஞ்சம் போடுங்க.”

“தூக்கிப் போட்டுட்டேன் புள்ள.”

“மடியில இருக்கு. எனக்குத் தெரியாதா?”

இருந்தது. அவன் தனக்கென்று வைத்திருந்த பங்கு. “வாயில படக்கூடாதுன்னுருக்காரு. அதுதான் ஒன்னய அரிச்சதே. நான்தான் புள்ள...”

“அதெல்லாம் எனக்கு வேணாம். கொழும்பு வரைக்கும் இந்த வலிய வச்சுக்கிட்டு என்னால முடியாது. லயத்துக்குப் போறேன். செத்தா அங்க சாகுறேன்.” சொன்னபடியே எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

கைகாட்டி இறங்கியது. றொசல்லப் பக்கத்திலிருந்து ரயில் ஊதுவது கேட்டது.

“காளி, நில்லு. போடுறேன். வந்து உக்காரு.”

அவள் திரும்பி வந்தாள். அவன் மடியை அவிழ்த்துப் புகையிலையைக் கிள்ளினான். சுண்ணாம்பு தடவினான். கை அதுபாட்டுக்குக் கசக்கியது. முடிந்த மட்டும் சிறிதாக உருட்டினான். அவள் அவன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தாள்.

“இன்னும் கொஞ்சம்.”

இன்னும் கொஞ்சம் வைத்தான். அவள் வாயைத் திறந்தாள், திறந்த மட்டும். சுண்டுவிரலால் உருண்டையை உள்ளே தள்ளினான். பல்லுக்கு நடுவில் விரல் சிக்கிக்கொண்டது. மெல்லத் திருகி வெளியே எடுத்தான்.

ரயில் வந்து நின்றபோது அவளாகவே எழுந்தாள்.