அளவு குறைந்த குழி

ஏனோக் மஞ்சள் பைகளைச் சறுக்குவண்டியில் அடுக்கத் தொடங்கியபோது மணி பதினொன்று. தெற்கே மலை விளிம்பில் கொஞ்சம் நீலம் தெரிந்தது. வடதுருவத்துக்குப் பக்கத்தில், ஜனவரியில் அதுதான் பகல். எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் குழாய் கிடையாது. கக்கூஸ் வாளிக்குள் விரித்த பையை முடிந்து வாசலில் வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அது கல்லாகிவிடும். நாற்றமில்லாமல் வேலை பார்க்கிற மாதம் இது ஒன்றுதான் என்று ஏனோக் சொல்லிச் சிரிப்பான்.

ஊராட்சிக்கு அவன் ஒருவன்தான் ஆள். பை எடுப்பதும் அவன், ஹெலிகாப்டர் மேடையில் பனி தள்ளிச் சாமான் ஏற்றுவதும் அவன், செப்டம்பரில் குழி வெட்டுவதும் அவன். மண் உறைந்து இறுகிவிட்டால் குளிர்காலம் முழுக்க யாரையும் புதைக்க முடியாது. அதனால் எத்தனை பேர் சாவார்கள் என்று நகரத்து ஆபீஸில் முன்கூட்டியே ஒரு எண்ணை எழுதி அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் மூன்று. டிசம்பருக்குள் இரண்டு நிரம்பிவிட்டன.

மூன்றாவதில்தான் தகராறு. நீளவாக்கில் நாலு அடி போனதும் பாறை முட்டியது. துளை போடும் மெஷினை, மலையில் தாதுக் கல் தேடி வந்த கம்பெனிக்காரர்கள் வாடகைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். அது திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று குழியைப் பலகை போட்டு மூடிவிட்டு ஏனோக் வந்துவிட்டான். மெஷினுக்கு முன்னால் பனி வந்துவிட்டது.

நாலடிக் குழியில் பெரியவர்கள் யாரும் படுக்க முடியாது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஊரில் குழந்தைகள் ஒன்பது பேர். கடைக்குப் போகிறவர்கள் கல்லறை மேட்டைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். காற்றடித்தால் மட்டும் பலகை தட்டுகிற சத்தம் கீழே வரை வந்தது. அப்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அது நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

கிஸ்தாவின் வீட்டு வாசலில் பை இல்லை. ஏனோக் கதவைத் தள்ளினான்.

"பாட்டி, பை எங்க?"

கிஸ்தாவுக்கு இருபத்தெட்டு வயது, அவனுக்கு நாற்பத்தாறு. ஆனாலும் முறை அதுதான். அவனுடைய அம்மா போலெட்டே செத்த இரண்டாம் மாதம் கிஸ்தாவுக்குப் பெண் பிறந்தது. எங்கள் வழக்கப்படி அந்தப் பெயரை அதற்கு வைத்தார்கள். பெயர் வந்தால் ஆளும் வந்தாயிற்று. அந்தக் குட்டி ஏனோக்குக்கு அம்மா. அம்மாவைப் பெற்றவள் பாட்டி. ஆறு வயதுப் போலெட்டே நடுத்தெருவில் நின்றுகொண்டு, "டேய் மகனே, மூக்கு ஒழுகுது, துடைடா" என்று அதட்டுவாள். அவனும் துடைத்துக்கொள்வான்.

வழக்கமாகக் கிஸ்தா, "வாடா பேராண்டி, பையத் தூக்கத்தான் உனக்கு எங்க ஞாபகம் வருமா?" என்பாள். இன்று சோபாப் பக்கம் கையைக் காட்டினாள். குட்டி சோபாவில் முழங்காலை வயிற்றோடு மடக்கிப் படுத்திருந்தாள்.

"ரெண்டு நாளா வாந்தி. வலது பக்கம் தொட விடமாட்டேங்குறா" என்றாள் கிஸ்தா. மீன் ஆலையில் போட்டிருந்த ரப்பர் ஏப்ரனை இன்னும் அவிழ்க்கவில்லை. புருஷன் தெற்கே இழுவைப் படகில். ஏப்ரலுக்கு முன்னால் வரமாட்டான்.

"என்னம்மா செய்யுது?" என்று ஏனோக் குனிந்தான்.

"மேல பலகை தட்டுதுடா. யாரோ கூப்பிடுறாங்க. போய்க் கதவைத் திற" என்றாள் குட்டி.

அவன் நிமிர்ந்தபோது கிஸ்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியாத ஒன்று அவனுக்குத் தெரியும். செப்டம்பரில் குட்டி மேட்டுக்கு வந்து, அந்தக் குழிக்குள் குதித்து, கையை விரித்துப் படுத்துக் காட்டினாள். "டேய், எனக்கு அளவா இருக்குடா!" அவன் சட்டைக் காலரைப் பிடித்து அவளை வெளியே தூக்கி முதுகில் ஒன்று வைத்தான். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

மருந்தறையைப் பார்த்துக்கொள்கிற ரெகினே மூன்று முறை நகரத்து டாக்டரைத் திரையில் கூப்பிட்டாள். அவர் நல்லவிதமாகத்தான் பேசினார். வயிற்றுக் கோளாறாக இருக்கும், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுங்கள், வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டரில் சீட்டுப் போடுகிறேன் என்றார். "டாக்டர், நாளைக்குச் செவ்வாய்க்கிழமையே ஒண்ணு வருதே" என்றாள் ரெகினே. அதில் இடமில்லை, அவசரம் என்று எழுதினால்தான் யாரையாவது இறக்க முடியும், அவசரம் என்று எழுத இது போதாது என்றார்.

செவ்வாய்க்கிழமை வந்த ஹெலிகாப்டரில் இறக்க ஆள் ஒருவரும் இல்லை. மூன்று சீட்டும் கம்பெனியின் கல் பெட்டிகளுக்கு. மலையில் துளைபோட்டு எடுத்த கல். பெட்டி ஒன்று இருபது கிலோ. ஏனோக் பதினொன்று ஏற்றினான். பன்னிரண்டாவதைத் தூக்கும்போது பைலட் கையை ஆட்டினார்.

"போதும், எடை முடிஞ்சுது. மிச்ச ரெண்டும் கொட்டாய்ல இருக்கட்டும்."

ரெகினே காற்றில் குனிந்து ஓடிவந்தாள். "ஒரு குழந்தை. பத்தொம்பது கிலோதான். ஒரே ஒரு பெட்டிய இறக்குங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"டாக்டர் காகிதம் இருக்கா?"

"வெள்ளிக்கிழமைக்குத்தான் போட்டிருக்காரு."

"நானா எதையும் இறக்க முடியாதும்மா. என் வேலை போயிரும்" என்றார் பைலட். அவர் பொய் சொல்லவில்லை. ஏனோக்கின் கை கடைசிப் பெட்டியின் மேல் இருந்தது. இறக்கி வைத்துவிட்டால் என்ன என்று அந்தக் கைக்குத் தோன்றியது. ஊராட்சியில் இருக்கிற ஒரே சம்பளம் அவனுடையது. அவன் கதவைச் சாத்தினான்.

அன்று மத்தியானம் கிஸ்தா அவனைத் தேடி எண்ணெய்க் கிடங்குக்கு வந்தாள். பேராண்டி என்று கூப்பிடவில்லை.

"ஏனோக், அந்தக் குழிய நீட்டு."

"மெஷின் இல்லையே."

"கையால நீட்டு. ஆறடியா ஆக்கு. அது பிள்ளைக் குழியா இருக்கக் கூடாது. நீ அரைகுறையா விட்டதுக்கு எம் பொண்ணு போகணுமா?"

குற்றம் தன்னுடையது என்று அவனும் நம்பினான். மீன் ஆலையின் உடைந்த பெட்டிகளையும் ஒரு வாளி கடல்நாய்க் கொழுப்பையும் மேட்டுக்கு இழுத்துப் போனான். பலகையை எடுத்து, பாறையை ஒட்டித் தீ மூட்டினான். கல் சூடேறியதும் பனியை அள்ளிக் கொட்டினால் சடசடவென்று விரிசல் விடும். விரிசலில் கடப்பாறையை விட்டு நெம்பினால் ஒரு விரல், இரண்டு விரல் பெயரும். மறுபடி தீ, மறுபடி பனி. கொழுப்புப் புகையில் கண் எரிந்தது. கண்ணீர் இமையிலேயே உறைந்தது. உள்ளங்கையால் பொத்திப் பொத்தி இளக்கிக்கொண்டான்.

கீழே ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. புதன்கிழமை காலையில் யாரோ இரண்டு மூட்டை நிலக்கரியை மேட்டு அடிவாரத்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அடிக்கொரு தரம் குழிக்குள் இறங்கி அவனே படுத்துப் பார்த்தான். முதலில் கால் முழங்காலோடு மடங்கியது. பிறகு கொஞ்சம் நீட்ட முடிந்தது. படுத்திருக்கும்போது மேலே பலகை இல்லை, ஆனாலும் தட்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் நின்றுவிட்டது. பயமாக இருந்தது. "வரேம்மா, முடிச்சிட்டு வரேன்" என்று அவன் சத்தமாகச் சொன்னான். யாரிடம் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பூட்ஸின் குதிகால் பாறையில் படாமல் முழுசாக நீட்டிப் படுக்க முடிந்தது. கடப்பாறையை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடினான். உயிர் போன வீட்டில் செய்வதுபோல, கிஸ்தாவின் வீட்டு ஜன்னல் அந்தக் குளிரில் திறந்து கிடந்ததை அவன் கவனிக்கவில்லை.

"நீட்டிட்டேன், பாட்டி! ஆறடி! நானே படுத்துப் பாத்துட்டேன்!"

ரெகினே சோபாவுக்கு முன்னால் மறைத்தாற்போல் நின்றாள். கிஸ்தா ஒரு சின்னக் கம்பளிக் காலுறையை உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்பி முடித்து, மறுபடி திருப்பினாள்.

"விடிகாலைல வலி நின்னுபோச்சுன்னு சொன்னா. பசிக்குதுன்னுகூடச் சொன்னா" என்றாள் ரெகினே.

ஏனோக் கையுறையைக் கழற்றினான். உள்ளங்கைத் தோல் கொஞ்சம் அதோடு வந்தது. அவனுக்கு அது வலிக்கவில்லை. ஒரே அம்மாவை இரண்டாம் தடவை புதைக்கப் போகிறோம் என்பதுதான் வலித்தது.

காற்று எழும்பியதால் வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஊரே மேட்டில் நின்றது. பெட்டியை இறக்கியதும் கால்மாட்டில் ஒரு ஆள் உட்காரலாம் என்கிற அளவுக்கு இடம் மிச்சம் கிடந்தது. ஏனோக் குழிக்குள் இறங்கி, தான் பெயர்த்தெடுத்த கற்களை ஒவ்வொன்றாக வாங்கி அந்த இடத்தில் அடுக்கத் தொடங்கினான்.

"வேண்டாம்" என்றாள் கிஸ்தா. "அப்படியே விடு. அவ தூக்கத்துல உதைச்சிட்டுப் படுப்பா."

அவன் கற்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே ஏறினான். எல்லாரும் மண்ணும் பனியும் கலந்து தள்ளினார்கள்.

மூடி முடிப்பதற்கும் ஹெலிகாப்டர் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது. ஏனோக் மண்வெட்டியோடு மேடைக்கு ஓடினான். பைலட் பட்டியலைப் பிரித்தார்.

"ரெண்டு சீட்டு. போலெட்டே, ஆறு வயசு, பத்தொம்பது கிலோ. கூட அம்மா. எங்க, காணோமே?"

"இப்பத்தான் மூடிட்டு வரேன்" என்றான் ஏனோக்.

பைலட் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அந்தப் பக்கம் காதுக்கருவியில் யாரோ என்னவோ கேட்டார்கள். இரண்டு முறை "சரி" என்றார். பிறகு ஏனோக்கின் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்த மிச்ச ரெண்டு பெட்டியக் கம்பெனில கேக்குறாங்க. சீட்டு சும்மாத்தானே போகுது."

ஏனோக் கொட்டகையிலிருந்து ஒன்றை எடுத்து வந்தான். ஜன்னலோரச் சீட்டில் குழந்தைக்கென்று ஒரு சிவப்பு மெத்தை போட்டு, பெல்ட்டைச் சிறிதாக்கி வைத்திருந்தார்கள். அவன் பெட்டியை மெத்தையின் மேல் வைத்து பெல்ட்டைப் பூட்டினான். இழுத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. மற்றதை எடுத்துவரக் கொட்டகைக்குத் திரும்பி நடந்தான்.