பச்சைப் புள்ளி, ஊதாப் புள்ளி

அண்ணியின் முகத்தைப் பார்த்தாலே தையல்காரிக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணிக்கும் அப்படித்தான். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஒருத்தி சமைத்ததை மற்றவள் சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிப் பல மாதம் ஆகிறது.

ஆரம்பம் ஒரு துணித்துண்டு. அண்ணி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து வாழ்த்து அட்டையும் பிளானரும் செய்து விற்பவள். அட்டைக்கு அழகாக இருக்குமே என்று, தையல் மெஷின் மேல் கிடந்த பட்டில் ஒரு மூலையை நறுக்கிவிட்டாள். அது யாரோ தைக்கக் கொடுத்த சட்டையின் கை. தையல்காரி சும்மா இருப்பாளா? அண்ணி கண்ணுக்குக் கண்ணாக வைத்திருந்த ரோஸ் மார்க்கரை எடுத்து, முரட்டு ஜீன்ஸ் துணியில் பட்டன் வைக்கும் இடமெல்லாம் குத்திக் குத்தி, முனையைத் துடைப்பம் போல் விரிய வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது.

ஆனால் நடுவில் அப்பா இருந்தாரே. இதயம் பலவீனமாகிப் படுத்த படுக்கையாகக் கிடப்பவர். உடம்பில் நீர் சேராமல் இருக்கக் காலையில் ஒரு மாத்திரை, சாயங்காலம் ஒரு மாத்திரை. தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். மறந்துபோய் இரண்டாம் தடவை கொடுத்தாலும் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். காலை மாத்திரை அண்ணியின் பொறுப்பு, சாயங்காலத்தது தையல்காரியின் பொறுப்பு. லாரி ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் அண்ணன்தான் ஒரு வழி சொன்னான். "ரெண்டு பேரும் வாயால பேச வேணாம் தாயே. குடுத்ததும் ஒரு புள்ளி வைங்க. அது போதும்."

அண்ணி தன் பிளானர்களில் ஒன்றைக் கட்டிலோரம் ஸ்டூலில் வைத்தாள். ஒரு நாளுக்கு இரண்டு கட்டம், காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. பக்கத்தில் ஒரு குவளையில் இரண்டு மார்க்கர்கள். ஒரு முனை மெல்லிசு, எழுதுவதற்கு. மறுமுனை உருண்டை, லேசாகத் தட்டினால் பொட்டு வைத்தது போல் வட்டமாக விழும். பச்சை அண்ணிக்கு, ஊதா தையல்காரிக்கு.

அண்ணன் நிம்மதியாக லாரி ஏறினான். பாவம், இந்த இரண்டு பேரும் புள்ளியிலும் சண்டை போடுவார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அண்ணி வெறும் புள்ளியோடு விடமாட்டாள். மெல்லிய முனையால் அதைச் சுற்றி இதழ் வரைந்து பூவாக்குவாள். பார், நான் எவ்வளவு பொறுப்பு என்று அந்தப் பூ தையல்காரியைக் குத்திக்காட்டும். கட்டம் காலியாகக் கிடந்துவிட்டாலோ, அப்பாவின் தலைக்கு மேல் ஜாடைப் பேச்சு பறக்கும்.

"மாமா, உங்க பொண்ணுக்கு இன்னைக்கும் மெஷின்தான் முக்கியம் போல. கட்டம் காலியா கிடக்கு."

"அப்பா, நேத்து காலையில கட்டம் காலியா கிடந்தப்போ யாரு உக்காந்து பூ ஒட்டிக்கிட்டு இருந்தாங்கன்னு கேளுங்க!"

பாத்திரம் உருளும். கதவு அறையும். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

சில சாயங்காலங்களில் மெஷினை விட்டு எழ முடியாமல் போகும். நேரம் ஆகிவிட்டதே என்று பதறி, மாத்திரையும் கையுமாகத் தையல்காரி ஓடிவருவாள். கட்டத்தில் ஊதாப் புள்ளி இருக்கும். அப்பா கண்ணை மூடிக் கிடப்பார். 'எப்போது கொடுத்தேன்? கொடுத்துத்தான் இருப்பேன். வேலை மும்முரத்தில் மறந்திருப்பேன்' என்று மாத்திரையைத் திரும்பப் போட்டுவிடுவாள். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், எனக்கு ஞாபக மறதி என்று நானே அவள் கையில் தடியைக் கொடுத்தது போல் ஆகாதா? அதற்குப் பதில் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அப்பாவின் கால்கள் வீங்கின. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. ஒரு நாள் மத்தியானம் மூச்சு வாங்க, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் ஊசி போட்டார். "மாத்திரை ஒழுங்கா குடுக்கறீங்களா, இல்லையா? இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால காப்பாத்த முடியாது" என்று எரிந்து விழுந்தார். இருவரும் ஒரே குரலில் "குடுக்கறோம்" என்றார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவைப் படுக்க வைத்ததுதான் தாமதம், தையல்காரி வெடித்தாள். பல மாதங்களில் முதல் தடவையாக நேருக்கு நேர்.

"மாத்திரை குடுக்காமலே பூ போட்டுட்டுப் போனீங்கள்ல? எங்கப்பாவக் கொல்லப் பாத்தீங்க!"

"யாரு? நானா? சாயங்காலம் சாயங்காலம் எந்திரிக்க மனசில்லாம மெஷின்ல உக்காந்திருந்தது யாருடி?"

"உங்க புள்ளியும் வேணாம், பூவும் வேணாம்!" தையல்காரி பிளானரின் தாளைச் சரக்கென்று கிழித்து விட்டெறிந்தாள். அது தரையில் குப்புற விழுந்தது.

அண்ணி குனிந்தவள் அப்படியே நின்றாள். தாளின் முதுகில் ஆங்காங்கே மை ஊறி வந்திருந்தது. எல்லாப் புள்ளியும் அல்ல, சிலது மட்டும்.

"தட்டி எடுத்தா இது ஊறாது" என்றாள் மெதுவாக. இந்த மார்க்கரோடுதானே அவள் பிழைப்பு. "முனைய வச்சவங்க எடுக்கத் தெரியாம அப்படியே வச்சிருந்தாதான் மறுபக்கம் வரும்."

"அப்போ நீங்கதான்..."

"பச்சை மட்டுமா ஊறியிருக்கு? ஊதாவும் பாரு."

தையல்காரி பார்த்தாள். பட்டுப் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த சாயங்காலம். ஜிப் மாட்டாமல் தவித்த சாயங்காலம். மாத்திரையைத் திரும்பப் போட்ட அதே நாட்கள்.

"இது நான் வச்சதில்ல. அன்னைக்கு நான் வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு."

அண்ணியின் முகம் வெளுத்தது. "எனக்கும் அப்படி இருந்துச்சு. நான்தான் வச்சிருப்பேன்னு நினைச்சு, மேல இதழ் போட்டுட்டுப் போயிட்டேன்."

இருவரும் ஒரே நேரத்தில் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா வலது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அதற்குள் தையல்காரி பார்த்துவிட்டாள். நடுங்கும் விரலின் நுனியில் ஊதா.

"கை நடுங்குதும்மா. வச்சா சட்டுனு எடுக்க வரல" என்றார் அப்பா. "கட்டம் காலியா இருந்தா கத்துவீங்க. புள்ளி இருந்தா வீடு கொஞ்சம் அமைதியா இருக்கு."

"அதுக்காக மாத்திரைய விட்டுடறதாப்பா?" தையல்காரி அழுதுவிட்டாள்.

"மாத்திரை இல்லாம ஒரு நாள ஓட்டிடலாம். அந்தச் சத்தத்தோட ஓட்ட முடியல."

சாயங்கால மாத்திரைக்கு நேரமாகியிருந்தது. தையல்காரி மாத்திரையை எடுத்தாள், அண்ணி தண்ணீர் கொண்டுவந்தாள். அது தொண்டையில் இறங்கும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

டம்ளரைத் திரும்ப வாங்கும்போது அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் உன்னால வந்தது. ஒரு நாளாவது நேரத்துக்கு வந்திருந்தீன்னா..."

தையல்காரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. திருப்பிக் கொடுக்க நல்ல சுடச்சுட ஒரு பதில் நாக்கு நுனியில் இருந்தது. அண்ணி ஒரு வாரத்துக்கு மறக்கமாட்டாள். அதைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அப்பாவின் கை போர்வையை விட்டு வெளியே வந்து, ஸ்டூலின் மேல் தடவித் தடவி மார்க்கர் குவளையைத் தேடிக்கொண்டிருந்தது.

தையல்காரி வாயை மூடிக்கொண்டாள்.