பின்சக்கரம் எழும்பிய வண்டி

எங்கள் கிடங்கில் மூன்று ஃபோர்க்லிஃப்ட்கள். குறுகிய சந்தில் உயரமாக அடுக்க ஒன்று; அது வெளியே லாரிப் பக்கம் வராது. மூன்று டன் தூக்கும் பெரியது ஒன்று. ஒன்றரை டன்னுக்கு மேல் ஆகாத சிறியது ஒன்று. அன்று பெரியது பழுது. லாரியில் தலா ஒன்றே முக்கால் டன் பெட்டிகள் நான்கு வந்து நின்றன.

“சின்னதுலயே தூக்கு. பின்னாடி பாரத்துக்கு ஒருத்தர் ஏறி நின்னா சரியாயிடும்” என்றார் சூப்பர்வைசர்.

என்னோடு அங்கேயே வேலை பார்க்கும் என் தங்கை கணவர் வண்டியின் பின்னால் தொற்றி ஏறினார். “ஓட்டுங்க மச்சான். உங்க தங்கச்சி போட்ட சோத்துல ஏறுன உடம்பு இன்னைக்காவது உதவட்டும்.”

பெட்டியோடு பின்னால் எடுத்ததும் வண்டி முன்பக்கம் குனிந்தது. பின்சக்கரங்கள் ஒரு சாண் எழும்பின. அவர் குதித்தால் வண்டி குப்புறக் கவிழும். பெட்டி நழுவினாலோ பின்பக்கம் தடாலென்று விழுந்து அவரைத் தூக்கி எறியும்.

“குதிச்சிராதீங்க மாப்ள!”

அவர் கூரைக் கம்பியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். கைப்பிடியை மயிரிழை மயிரிழையாகத் தள்ளிப் பெட்டியை இறக்கினேன். அது தரையைத் தொட்டது, சக்கரங்களும் இறங்கின. மாப்பிள்ளையின் விரல்கள் மட்டும் கம்பியை விடவில்லை.

“பாத்தியா, ஒண்ணும் ஆகல. இன்னும் மூணுதான்” என்றார் சூப்பர்வைசர்.

நான் சாவியை உருவிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.