கை தெரியுமா?

“சத்தம் சும்மா தியேட்டர் மாதிரி இருக்கும்மா. நாலு ஸ்பீக்கரு,” என்று சொல்லி மேசைமேல் இருந்த டேப்லெட்டில் ஒரு பாட்டை அலறவிட்டாள் கடைப்பெண் ஆர்த்தி. கொளஞ்சி பாட்டைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள் சங்கவியைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டிராத அந்தப் பெண் திரையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“சத்தம் இன்னாத்துக்கு பாப்பா? எம்பொண்ணுக்குக் காது கேக்காது. கை தெரியுமா, அத்தச் சொல்லு.”

ஆர்த்திக்கு முகம் சுருங்கிவிட்டது. பாட்டை நிறுத்தினாள். பாவம், அவள்மேல் தப்பில்லை. ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்கும்படிதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிரம்மதேசத்துப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளில் கூலிக்குப் போகிறவள் கொளஞ்சி. விழுப்புரத்தில் இப்படிக் கண்ணாடிக் கதவு போட்ட கம்பெனிக் கடைக்குள் அவள் கால் வைப்பது இதுதான் முதல் தடவை. சங்கவிக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில், காது கேளாத பிள்ளைகளுக்கென்று நடக்கும் வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. மகள் எழுதி அனுப்பினால் கொளஞ்சிக்குப் படிக்கத் தெரியாது. செல்போனில் பார்த்துப் பேசலாமென்றால், ஒரு கை போனைப் பிடித்துக்கொள்ளும்; மிச்சக் கையால் பாதிப் பேச்சுதான் பேசலாம். அவர்கள் பேசுவதும் பள்ளிக்கூடத்துச் சைகை இல்லை, வீட்டிலேயே தானாக வளர்ந்தது. மூக்குத்தியைத் தொட்டால் அம்மா. உள்ளங்கையை முன்னால் தள்ளினால், ‘போ, உன்னோட டூ’. அந்தச் சைகை வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது.

‘பெருசா ஒண்ணு வாங்கலாம். அதுல கை தெரியலன்னா நீ போவ வேணாம்’ என்று கொளஞ்சி கறாராகச் சொல்லியிருந்தாள். தெரியாமல் போனால் தேவலை என்றுதான் உள்ளுக்குள் இருந்தது. பெற்றவள் நினைக்கிற நினைப்பா அது? ஆனாலும் பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

“இருங்கம்மா, ரெண்டு டெமோ இருக்குது. ஆளுக்கு ஒண்ணுல பேசிப் பாத்துடுங்க,” என்றாள் ஆர்த்தி. சங்கவியைக் கடையின் உள்கோடிக்கு அனுப்பிவிட்டு, வாசல் பக்கத்து மேசையில் ஒன்றை நிமிர்த்தி வைத்தாள்.

திரையில் மகள் வந்தாள். காதோரத்துப் பூனைமயிர்கூடத் தெரிந்தது. கொளஞ்சி மேசைமேல் கவிழ்ந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய்க் கைகளை ஆட்டினாள். சங்கவி புருவத்தைச் சுளித்தாள். பிறகு உள்ளங்கையை முன்னால் தள்ளினாள். திரும்பவும் தள்ளினாள்.

இன்னும் சென்னைக்குப் பஸ்கூட ஏறவில்லை, அதற்குள் அம்மாவோடு டூவா?

“இன்னா பாப்பா, என்னப் போன்னுது?”

ஆர்த்தி எட்டிப் பார்த்தாள். “அய்ய, அது இல்லம்மா. நீங்க ஒரேயடியாக் கிட்டப் போயிக்கினு நிக்கிறீங்க, உங்க மூஞ்சி மட்டுந்தான் அங்க தெரியுது. கை தெரியணும்னா தள்ளிப் போவணும்.”

கொளஞ்சி பின்னால் நகர்ந்தாள். சங்கவி ‘இன்னும்’ என்று கையைத் தள்ளினாள். போன் உறை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஒதுங்கி வழிவிட்டார். இன்னும். முதுகில் கண்ணாடிக் கதவு சில்லென்று பட்டதும் கொளஞ்சி நின்றாள். அந்தத் தூரத்தில் மகளின் முகம் அவளுக்குச் சிறுத்துப்போயிருந்தது. சங்கவி தலையாட்டினாள். தெரிகிறதாம், ரெண்டு கையும். பிறகு அவள் விரல்கள் மெதுவாகக் கேட்டன. ‘போகட்டுமா?’

“தெரியுதாம்மா? பில் போடச் சொல்லவா?” என்றாள் ஆர்த்தி.

அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டில் ஒரே தட்டில் இட்லி பிட்டுத் தின்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கொளஞ்சி வலது கையின் ஐந்து விரல்களையும் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், சென்னையில் இருக்கும் மகளைக் கேட்பதுபோல் கேட்டாள்.

‘சாப்டியா?’