குடியிருப்பவர்கள்: இருவர்

ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதுமே பூய்-யிங் கட்டிலை மடக்கினாள். கால்களை உள்ளே தள்ளி, கொக்கியை மாட்டி, ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே செருகினாள். மூன்று மாதமாகத் தினமும் காலை ஆறரைக்கு அவள் அண்ணன் கம்-சுன் தானே செய்துவந்த வேலை அது. இன்று அவர் எழுந்திருக்கவில்லை. உலுக்கியும் எழுந்திருக்கவில்லை.

குளியலறைக்குப் போய் அவருடைய டூத்பிரஷை எடுத்து மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, என்ன பண்றீங்க?" மகள் ஹொய்-தங் லிஃப்ட் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். "கீழ ஆம்புலன்ஸ் காத்துக்கிட்டு இருக்கு."

"கட்டில் விரிச்சுக் கெடந்தா யாராச்சும் பாப்பாங்கடி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. உறைத்து என்ன, பிரஷ் பைக்குள்ளேயேதான் இருந்தது.

அரசு வீடு. ஒன்பது வருடம் காத்திருந்து கிடைத்த இருபத்து மூன்றாவது மாடி ஒற்றை அறை. குடித்தனச் சீட்டில் இரண்டே பெயர்கள், அவளும் மகளும். சீட்டில் இல்லாதவர் தங்குவது தெரிந்தால் வீட்டைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஷாம் ஷுய் போ பேட்டையில் கம்-சுன் இருந்த பலகைத் தடுப்பு அறையை, கட்டடத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிக் காலி செய்யவைத்தபோது, அவர் ஒரே ஒரு பையோடு வந்து நின்றார்.

"ரெண்டே வாரம். இடத்தக் குடுத்தா மடத்தப் புடுங்குற ஆளு நான் இல்லம்மா" என்று சிரித்தார்.

பிடுங்கவில்லைதான். பகலெல்லாம் நூலகத்தில் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு வருவார். இருபத்திரண்டாவது மாடியிலேயே லிஃப்டை விட்டு இறங்கி, மிச்சத்தைப் படியேறி வருவார். அறுபத்தாறு வயதில் அந்த ஒரு மாடிக்கே மூச்சு வாங்கும். ஒரு நாளும் அவர் செருப்பு வாசலில் கிடந்ததில்லை.

"யாராவது கேட்டா, சாப்பிட வந்தேன்னு சொல்லுங்கண்ணா."

"ஒரு நாளைக்கு எத்தன தடவ சாப்பிடறது?"

அந்தப் பாடத்தைத்தான், மருத்துவமனையில் உயிர் போய்விட்டதென்று சொன்ன பிறகு, விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவளே ஒப்பித்தாள்.

"இவரு எங்க குடியிருந்தாரு?"

"எங்க வீட்ல இல்ல சார். காலைல கஞ்சி குடிக்க வந்தாரு."

"தூங்குற டிரஸ்லயா?"

"அவரு வீடு கிட்டதான் சார்."

"கிட்டன்னா?"

அவள் வாயில் வந்தது அந்தப் பழைய தடுப்பு அறையின் விலாசம். அது கிட்டவே இல்லை, முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம். போலீஸ்காரர் அவளை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். டாக்டரிடம் நேற்று ராத்திரிதான் வந்தார் என்றாள். எதிர்வீட்டு லோ அக்காவிடம் தூரத்துச் சொந்தம் என்றாள். யாரிடம் எதைச் சொன்னோம் என்பது அன்று மாலைக்குள்ளேயே குழம்பிப்போயிற்று. வாய்விட்டு அழவும் வழியில்லை. தூரத்துச் சொந்தத்துக்கு இவ்வளவு அழுகையா என்று வராந்தாவே கேட்கும். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான்.

ஏழாம் நாள் காலை கோயில் மண்டபத்தில் சடங்கு. பூசகர் மணியை அடித்து, இறப்புச் சான்றிதழைப் பார்த்து, ஆவிக்கு வழி தெரியும்படி பெயரையும் விலாசத்தையும் உரக்கப் படித்தார். மூன்றாம் மாடி, பின்கட்டு, நான்காவது அறை: போலீஸிடம் அவள் சொன்ன அதே விலாசம்.

"ஐயா, அந்தக் கட்டடம் இப்ப இல்லீங்க" என்றாள் பூய்-யிங்.

"பேப்பர்ல இதான் இருக்கு. இன்னிக்கு அவரு வீட்டுக்கு வர்ற நாளு. வீடு எதுன்னு நாமதான சொல்லணும்? வேற விலாசம் இருக்கா?"

ஹொய்-தங் அவள் கையை அழுத்தினாள். மணி மறுபடி அடித்தது.

பேருந்தில் வரும்போது அவள் மனதில் அது ஒன்றுதான் ஓடியது. இடித்த கட்டடத்தைச் சுற்றித் தகரம் அடித்த வேலிக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருப்பாரா? இல்லை, பழக்கத்தில் இங்கேயே வந்து, இருபத்திரண்டில் இறங்கி ஏறி வருவாரா? வந்தாலும் உள்ளே வர முடியுமா? வாசலோரம் தரையில் சிவப்புப் பலகையில் இருப்பவர் நில தெய்வம். வெளி ஆவியை வாசலிலேயே தடுப்பவர். குடிவந்த அன்று பத்தி கொளுத்தி அவரிடம் இரண்டு பெயர்களைச் சொல்லியிருந்தாள். மூன்றாவது பெயரைச் சொல்லவே இல்லை. குடியிருப்பு அலுவலகத்துக்குப் பயந்து சாமியிடமும் மறைத்திருக்கிறாள்.

நான்கு மணிக்கு உள்ளே மேசையில் மூன்று கிண்ணம் கஞ்சி வைத்தாள். ஒன்றில் உப்பு முட்டையை நறுக்கிப் போட்டாள், அண்ணனுக்குப் பிடித்தது. அவருடைய செருப்பை முதன்முதலாக வாசலுக்கு வெளியே வைத்தாள். கதவை விரியத் திறந்து, பலகை முன் குந்தி, பத்தியைப் பிடித்தாள். மூன்றாவது பெயரைச் சொல்ல நாக்கு எழவில்லை. வராந்தாவில் ஆள் நடமாட்டம் இருந்தது.

"மிஸ்ஸஸ் யுங் நீங்கதானே?"

குடியிருப்பு அலுவலகத்துப் பெண்மணி, கையில் கோப்போடு. நாற்பத்தைந்து வயதிருக்கும், களைத்த முகம்.

"போலீஸ்லேர்ந்து ஒரு விசாரணை வந்துச்சு. அதான் ஒரு தடவ பாத்துட்டுப் போகலாம்னு. வீட்ல எத்தன பேரு இருக்கீங்க?"

"ரெண்டு பேரு" என்று உள்ளேயிருந்து ஹொய்-தங் அவசரமாகச் சொன்னாள்.

பூய்-யிங் பலகையைப் பார்த்தாள். பத்திச் சாம்பல் விரலில் விழுந்து சுட்டது.

"மூணு பேரு."

"அம்மா."

"மூணு பேரு. மூணாவது கம்-சுன். என் கூடப்பொறந்த அண்ணன்." குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டுக் கதவு கொஞ்சம் திறந்தது. யாரைப் பார்த்துச் சொல்கிறாள், அலுவலகத்துப் பெண்மணியையா பலகையையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்பலேர்ந்து இருக்காரு?"

"மூணு மாசமா."

"எங்க படுப்பாரு?"

"அதோ, ஃபிரிட்ஜ் பக்கத்துல. கட்டில் இருக்கு."

"இப்ப எங்க?"

"வெளிய போயிருக்காரு. இன்னிக்கு வந்துருவாரு."

அந்தப் பெண்மணி பேனாவைத் திறந்தாள். அப்போதுதான் பத்தியைப் பார்த்தாள். மேசையிலிருந்த மூன்று கிண்ணங்களைப் பார்த்தாள். பிறகு குனிந்து, தன் காலடியில் வீட்டைப் பார்த்துக் கிடந்த தேய்ந்த செருப்பைப் பார்த்தாள்.

கோப்போடு வாசலை விட்டு நகர்ந்து, உள்ளே வருகிறவருக்கு வழிவிட்டு, சுவரோரம் ஒதுங்கி நின்று எழுத ஆரம்பித்தாள்.